முன்குறிக்குப் பானைக் கரி

உங்கள் பயிற்றுநர் உங்களிடம் பொய் சொல்கிறார்.

போன மாதம் பயிற்சிக் கூடத்து விழாவுக்கு ஓய்வு பெற்ற எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, கலர் சோடா கொடுத்து, மரியாதையாகத்தான் உட்காரவைத்தார்கள். உங்கள் பயிற்றுநர் மைக்கைப் பிடித்தார். குறி பார்த்துச் சுடுவது பிறவியிலேயே வரவேண்டும், கண் சரியில்லாதவனை யாராலும் தேற்ற முடியாது என்றார். பிறகு உங்களில் மூன்று பேரைப் பெயர் சொல்லி எழுந்து நிற்கவைத்தார். இவர்கள் இரண்டு தடவை தவறியவர்கள், அடுத்த தடவையும் தவறினால் மூட்டை கட்டவேண்டியதுதான் என்றார். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். மேடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் கலரைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சங்க மலருக்கு ஏதாவது அனுபவம் எழுதிக் கொடுங்கள் என்று நம் ஓய்வு பெற்றோர் சங்கத்தில் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு எழுத வராது என்று தட்டிக் கழித்துவந்தேன். இப்போது எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகள் படிக்கட்டும். அந்த மூன்று பேர் கட்டாயம் படிக்கட்டும். அவர்கள் நின்ற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். படையிலேயே மட்டமாகச் சுட்டவன் நான்தான்.

கோபத்தில்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அந்த நாட்களை நினைத்தால் கோபம் நிற்கமாட்டேன் என்கிறது. சிரிப்பு வந்துவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிப் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. என் அப்பா மில்லில் தறி ஓட்டினார். நானும் அங்கேதான் போயிருப்பேன். ஆனால் மில்லில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உயரம் இருந்தது, மார்பு விரிந்தது, ஆயுதப் போலீஸ் படையில் எடுத்துக்கொண்டார்கள்.

படையில் அப்போது இரண்டு வகை ஆட்கள். பிரெஞ்சு காலத்திலேயே சேர்ந்த சிப்பாய்கள் ஒரு கூட்டம். உடுப்பு மாறிய பிறகும் அந்தக் கெப்பித் தொப்பியைக் கழற்ற மனசு வராதவர்கள். எங்களைப் போலப் புதிதாக எடுத்த பையன்கள் இன்னொரு கூட்டம். பழைய துப்பாக்கிகளை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு மதராஸிலிருந்து வேறு துப்பாக்கிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். துப்பாக்கி குறைவு, ஆள் அதிகம். அதனால் புது ஆட்கள் காலையில் சுடவேண்டும். பழைய ஆட்கள் அதே துப்பாக்கிகளை வைத்துச் சாயங்காலம் சுடவேண்டும். உழவர்கரைக்கு அப்பால் ஒரு செம்மண் மேடு. அதன் அடியில் இலக்குப் பலகைகள். நாங்கள் தெற்கே படுத்துக்கொண்டு வடக்கே பார்த்துச் சுடுவோம். இந்தத் திசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கற்றுக்கொடுக்க மதராஸ் பக்கத்திலிருந்து ஒரு சுபேதார் வந்தார். அவர் பெயரை எழுதமாட்டேன். விளம்பரம் என்றாலே அருவருக்கும் மனிதர். முப்பது வயதுகூட இருக்காது. மெலிந்த ஆள், கத்தமாட்டார். சாயங்கால ஸ்குவாடுக்குத் தலைவர் அந்துவான். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். மெழுகு போட்டு முறுக்கிய மீசை. அவரை எல்லோரும் பிரெஞ்சு மரியாதைப்படி முசே என்றுதான் கூப்பிடுவோம்.

தகுதித் தேர்வு என்று ஒன்று உண்டு. மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும். நான் முதல் தேர்வில் பலகையையே தொடவில்லை. குண்டுகள் எங்கே போயின என்று செம்மண் மேட்டைத்தான் கேட்கவேண்டும்.

மறுநாள் சுபேதார் என்னைப் படுக்கச் சொன்னார்.

"நான் லோடு பண்ணித் தரேன். நீ சுடு."

மற்றவர்கள் எல்லாம் பின்னால் நின்று பார்த்தார்கள். அந்துவானும் எதற்கோ காலையிலேயே வந்திருந்தார். நான் மூச்சை இழுத்துப் பிடித்து, பல்லைக் கடித்து, விசையை வெடுக்கென்று இழுத்தேன். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். உள்ளே இருந்தது மருந்தில்லாத வெற்றுத் தோட்டா. ஆனால் என் தோள் பின்னால் போனது, தலை கீழே போனது, குழல் வானத்தைப் பார்த்தது, இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன.

"அய்ய! உள்ள ஒண்ணுமே இல்லாததுக்கா இந்தக் குதி குதிக்கிற?" என்றார் அந்துவான். "இன்னாடா நீ, தவளையா?"

ஸ்குவாடு முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அன்றிலிருந்து என் பெயர் தவளை. ஓய்வு பெறும்வரை அந்தப் பெயர் போகவில்லை.

சுபேதாரும் சிரித்தார். பிறகு, "எல்லாரும் சிரிச்சாச்சா? முசே, இப்ப நீங்க படுங்க" என்றார்.

அந்துவான் மீசையைத் தடவிக்கொண்டே படுத்தார். சுபேதார் இரண்டு தடவை நல்ல தோட்டா போட்டுக் கொடுத்தார். மூன்றாவது வெற்று. டிக். அந்துவான் என்னைவிட உயரமாகக் குதித்தார். கெப்பி கழன்று மணலில் உருண்டு ஓடியது. நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

"வெடிக்கப் போவுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுது. அதான் உடம்பு பயப்படுது" என்றார் சுபேதார். "விசையை இழுக்காத. மெதுவா அழுத்திக்கிட்டே இரு. எப்ப வெடிக்கும்னு உனக்கே தெரியக் கூடாது. வெடிச்சதும் நீ திடுக்கிட்டா, அது நல்ல ஷாட்டு."

அதற்குப் பிறகு ஒரு வாரம் நாங்கள் வெற்றுத் தோட்டாவோடுதான் பழகினோம். குழல் மேல் ஒரு காசை வைத்து, விசையை அழுத்தும்போது காசு விழாமல் இருக்கவேண்டும். தம்பிகளே, இந்த ஒன்றை மட்டும் செய்யுங்கள். தோட்டா செலவே இல்லை. உங்கள் பயிற்றுநர் இதைச் செய்யச் சொன்னாரா? நான் விசாரித்தேன். இல்லை என்கிறார்கள்.

அடுத்தது கண். துப்பாக்கியில் கண்ணாடி இல்லை, பூதக்கண்ணாடி இல்லை. இரும்புதான். கண்ணுக்குக் கிட்டே ஒரு பள்ளம், அது பின்குறி. குழல் நுனியில் சின்னத் தகடு ஒன்று நிற்கும், அது முன்குறி. அதற்கப்பால் இலக்கு. மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க எந்த மனிதக் கண்ணாலும் ஆகாது. நான் இலக்கைப் பார்த்தேன். அதைத்தானே அடிக்கவேண்டும்?

"டார்கெட்டைப் பார்த்து இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார் சுபேதார். "அது எங்கயும் ஓடிப் போயிடாது. முன்குறியைப் பாரு. அதோட மேல் ஓரம் பிளேடு மாதிரி தெரியணும். பள்ளத்துக்கு நடுவுல நிக்கணும். டார்கெட்டு கலங்கலா தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போவுது."

"கலங்கலா தெரிஞ்சா எப்படி சார் அடிக்கிறது?"

"நீ அடிக்காத. துப்பாக்கி அடிக்கும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இருந்தாலும் சொன்னபடி செய்தேன். முன்குறியை மட்டும் பார்த்தேன். இலக்கு பனியில் நிற்கும் பனைமரம் மாதிரி மங்கிப் போனது. ஐந்து குண்டு. பலகையைக் கொண்டுவந்து காட்டினார்கள். கறுப்பு வட்டத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் இடதுபக்கம் தள்ளி ஐந்து ஓட்டையும் ஒரே இடத்தில், என் உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய இடத்தில், கூட்டமாக இருந்தன. அதுவரை என் குண்டுகள் இரண்டு சேர்ந்து ஒரு பலகையில் விழுந்ததில்லை. நான் அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓடினேன். என்னைப் பிடித்து நிறுத்த இரண்டு பேர் வந்தார்கள்.

"கூட்டம் சேர்ந்துடுச்சு. இனி அதை நடுவுக்கு நகர்த்துறது பெரிய விஷயம் இல்ல" என்றார் சுபேதார்.

அங்கேதான் சண்டை ஆரம்பமாயிற்று.

எனக்கு மட்டும் இல்லை, எங்கள் காலை ஸ்குவாடில் எல்லோருக்கும் குண்டுகள் இடதுபக்கமே போயின. துப்பாக்கியில் கோளாறு என்று ஆர்மரரிடம் போனோம். ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிறவர் அவர். முன்குறியைப் பக்கவாட்டில் கொஞ்சம் தட்டி நகர்த்தினால் குண்டு விழும் இடம் மாறும். தட்டிக் கொடுத்தார். சாயங்காலம் அந்துவான் கூட்டம் சுட்டது. அவர்களுக்கு ஏற்கெனவே வலதுபக்கம் போய்க்கொண்டிருந்த குண்டுகள் இப்போது பலகையைவிட்டே போய்விட்டன.

"காலையில வர்ற பொடிப் பசங்க துப்பாக்கியக் கெடுத்து வெச்சுட்டுப் போறானுங்க" என்று அந்துவான் ஆர்மரரிடம் போனார். அவர் இந்தப் பக்கம் தட்டினார். மறுநாள் காலை எங்களுக்கு இன்னும் இடது. நாங்கள் போனோம். அவர் அந்தப் பக்கம் தட்டினார்.

இப்படியே போனது. காண்டீனில் இரண்டு கூட்டமும் தனித்தனி பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்கள் பெஞ்சைப் பார்த்து அவர்கள் தவளை மாதிரி கத்துவார்கள். நாங்கள் தொப்பியை மேஜையில் உருட்டிவிட்டு, "முசே, உங்க தலை ஓடுது, புடிங்க!" என்போம். ஒருநாள் ஆர்மரர் சுத்தியலை எங்கள் நடுவில் வைத்தார்.

"காலையில அந்தப் பக்கம், சாயங்காலம் இந்தப் பக்கம். இது முன்குறியா, மாட்டு வாலா? எல்லாத்தையும் பழைய கோட்டுக்கே கொண்டாந்துட்டேன். தகட்டுக்கும் அடிக்கட்டைக்கும் சேர்த்து ஊசியால ஒரு கீறல் போட்டுட்டேன். எவனாவது நகர்த்தினா கீறல் விலகும். அவனைக் கையும் களவுமா புடிச்சு சுபேதார்கிட்ட நிறுத்துறேன். போங்கடா!"

மறுநாள் காலை சுட்டோம். இடது. ஓடிப்போய்க் கீறலைப் பார்த்தோம். ஒரு மயிரிழைகூட விலகவில்லை. சாயங்காலம் அவர்கள் சுட்டார்கள். வலது. கீறல் அப்படியே. நகர்த்தாமலே நகர்கிறது என்றால் என்ன அர்த்தம்? நியாயமாக அங்கேயே நாங்கள் நின்று யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை. கீறலையும் சேர்த்து நகர்த்துகிறார்கள், பலே கைகாரர்கள் என்று ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டோம்.

இந்தக் கூத்தில் நான் இரண்டாவது தேர்விலும் தவறினேன். எங்கள் ஸ்குவாடில் குப்புசாமி என்று ஒருவன், நோணாங்குப்பத்துப் பையன். அவன் மூன்றாவது தடவையும் தவறினான். அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உடுப்பை மடித்துக் கொடுத்துவிட்டு லுங்கியோடு வாசலைத் தாண்டிப் போனான். அதற்கப்புறம் நாங்கள் தவளைக் கத்தலுக்குக்கூடப் பதில் சொல்லவில்லை. அடுத்தது நான் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு மில்லில் வேலை போய்விட்டிருந்தது. வீட்டில் சம்பளக்காரன் நான் ஒருவன்தான்.

என் மூன்றாவது தேர்வு காலையில். அன்றைக்கே சாயங்காலம் அந்துவான் ஸ்குவாடுக்கும் தேர்வு. அதே துப்பாக்கிகள். அதனால் நாங்கள் எதையாவது நோண்டிவிடுவோம் என்று காவல் காக்க அந்துவான் காலையிலேயே உடுப்போடு வந்துவிட்டார். படுத்திருக்கிறவர்களுக்குப் பின்னால் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார்.

முதல் குண்டு. நன்றாக அழுத்தினேன், திடுக்கிட்டேன். பலகைக்கு அடியில் குழியில் இருந்த கொடிக்காரன் காட்டினான்: இடது. இரண்டாவது: இடது. பக்கத்தில் படுத்திருந்தவன் கிசுகிசுத்தான்.

"டேய் தவளை, வலதுபக்கமா தள்ளிப் புடிடா. எல்லாம் அப்படித்தான் பண்றோம்."

கை அரித்தது. ஒரு விரல்கடை வலதுபக்கம் பிடித்தால் போதும், ஒன்றிரண்டு உள்ளே விழும். ஆனால் எவ்வளவு தள்ளுவது? ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு அளவு என்று தேடிக்கொண்டே போய்த்தான் இரண்டாவது தேர்வில் கெட்டேன். இந்தத் தடவை முன்குறியை நடுவிலேயே நிறுத்தினேன். போவது போகட்டும் என்று அழுத்தினேன்.

கொடி சுழன்றது. நட்டநடு வட்டம்!

எனக்கே நம்பிக்கை வரவில்லை. அடுத்ததை அப்படியே அழுத்தினேன். இடது.

இப்போது சொல்கிறேன், கவனியுங்கள். தேர்வில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். எல்லோரும் சுட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் கை தானாக அடுத்த தோட்டாவைத் தள்ளும். நான் துப்பாக்கியைக் கீழே வைத்தேன். வைத்துவிட்டு யோசித்தேன். நான்கு குண்டையும் ஒரே மாதிரிதான் சுட்டேன். அது எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் நடுவில் போயிருக்கிறது. அப்போது என்ன வேறாக இருந்தது?

தலையைத் திருப்பினேன். எனக்கு வலதுபக்கம், கிழக்கே, வரிசைக்குள்ளேயே வந்து நின்றிருந்த அந்துவான் மெதுவாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தார். அவருடைய நிழல் கெப்பியும் மீசையுமாக என் துப்பாக்கி மேலிருந்து இழுபட்டுப் போயிற்று.

"முசே! அங்கயே நில்லுங்க!"

"இன்னாது?"

"நகராதீங்க! இல்ல, பழைய இடத்துக்கு வாங்க! எனக்கு வலதுபக்கம்!"

"டேய், உனக்குக் குடை புடிக்கவாடா நான் வந்தேன்?"

"ஒரே ஒரு குண்டு, முசே! உங்க காலைத் தொடுறேன்!"

"அதெல்லாம் தொட வேணாம். நாத்தம் புடிச்ச கையி" என்றவர், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து நின்றார். நிழல் குழல் நுனியை மூடியது. மின்னிக்கொண்டிருந்த முன்குறி சட்டென்று கறுத்து, ஓரம் கத்தரித்த மாதிரி தெரிந்தது. அழுத்தினேன்.

கொடி சுழன்றது. நடு வட்டம்.

"ஃபயரிங் லைன்ல யாரது நிக்கிறது?" என்று சுபேதார் ஓடிவந்தார். அவர் கோபத்தில் கத்தி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். எல்லோரையும் நிறுத்தச் சொன்னார். நான் எழுந்து நின்று, மூச்சு வாங்க, நிழலையும் குண்டையும் பற்றிச் சொன்னேன். அவர் என் துப்பாக்கியை வாங்கிப் படுத்தார். வெயிலில் பார்த்தார். அந்துவானை நிற்கச் சொல்லி நிழலில் பார்த்தார். பிறகு எழுந்து கட்டைவிரலால் முன்குறியைத் தடவினார்.

"இதுல இருந்த கறுப்பு எங்க போச்சு?"

"தேய்ச்சுட்டோம் சார்!" என்றோம் பத்துப் பேரும் ஒரே குரலில், பெருமையாக.

"எதால?"

"உப்புத்தாள், அப்புறம் செங்கல் பொடி, கடைசியா எலுமிச்சம்பழம் சார்!"

"யாரு சொல்லிக் குடுத்தது?"

எல்லோரும் அந்துவானைப் பார்த்தோம். அவர் நெஞ்சை நிமிர்த்தினார். பழைய சிப்பாய்களின் பழக்கம் அது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் அவர்கள் சுட்டது குறைவு, அணிவகுத்தது அதிகம். கடற்கரைச் சாலையில் அணிவகுப்பு என்றால் துப்பாக்கியின் இரும்பில் முகம் தெரியவேண்டும். கறுப்பாக வந்த துப்பாக்கிகளைப் பார்த்ததும், "இது துப்பாக்கியா, அடுப்புல கெடந்த கரண்டியா?" என்று முகம் சுளித்தார்கள். எங்களையும் உட்காரவைத்துத் தேய்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு ஸ்குவாடும் ஒற்றுமையாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

சுபேதார் மணலில் குச்சியால் வரைந்து காட்டினார். காலை வெயில் வலதுபக்கம். முன்குறியின் வலது ஓரம் மின்னும். கண் அந்த மின்னலையே முன்குறி என்று எடுத்துக்கொண்டு பள்ளத்தின் நடுவில் வைக்கும். உண்மையான தகடு இடப்பக்கம் நிற்கும். குண்டு இடப்பக்கம் போகும். சாயங்காலம் வெயில் மேற்கே போனால் எல்லாம் தலைகீழ். அவ்வளவுதான். அதற்குத்தான் காண்டீனில் இத்தனை நாள் பெஞ்சு பிரித்து உட்கார்ந்தோம்.

"சமையக்காரர் எங்க?" என்றார் சுபேதார். "சோத்துப் பானையக் கொண்டாரச் சொல்லு."

சமையல்காரர் கை உதறிக்கொண்டே பானையைத் தூக்கிவந்தார். அடிப்பாகம் விறகுப் புகையில் கன்னங்கரேல் என்று இருந்தது. சுபேதார் விரலை அதில் தேய்த்து ஒவ்வொரு முன்குறியிலும் தடவினார். பழைய சிப்பாய்கள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்ளாத குறை. "தேய்ச்சு வெச்ச துப்பாக்கியில கரிய பூசுறானே, இவன் நல்லா இருப்பானா" என்று ஒருவர் முனகினார். ஆர்மரர் மட்டும் தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தேர்வை முதலிலிருந்து வைத்தார்கள். நான் தேறினேன். சும்மா தேறவில்லை, ஸ்குவாடிலேயே முதலாக. விரல், மூக்கு, கன்னமெல்லாம் கரியோடு வீட்டுக்குப் போனேன். அப்பா பார்த்துவிட்டு, "இன்னாடா, போலீஸ்ல அடுப்பு ஊதவா எடுத்தாங்க?" என்றார். விஷயம் சொன்னதும் கடைக்குப் போய் அரைக்கிலோ அல்வா வாங்கிவந்தார். சாயங்காலம் அந்துவான் கூட்டமும் தேறியது. அதற்கப்புறம் காண்டீனில் ஒரே பெஞ்சு. அந்துவான் எனக்கு டீ சொல்லிவிட்டு, "குடிடா தவளை. நான் குடை புடிக்கலைன்னா நீ இன்னிக்குத் தெருவுல" என்பார். பல வருஷம் சொன்னார். நானும் பல வருஷம் குடித்தேன்.

ஆனால் நான் எழுத வந்தது இதற்காக இல்லை. மறுநாள் நடந்ததற்காக.

மறுநாள் காலை அணிவகுப்பில் சுபேதார் இரண்டு ஸ்குவாடையும் ஒன்றாக நிறுத்தினார். மேலதிகாரிகளும் இருந்தார்கள். அவர் சொன்னார்: "நான் உங்க தோளைப் பார்த்தேன், விரலைப் பார்த்தேன், மூச்சைப் பார்த்தேன். முன்குறியைக் குனிஞ்சு ஒருநாளும் பார்க்கல. எல்லாரும் ஒரே பக்கமா சுட்டா தப்பு ஆள்மேல இல்லன்னு எனக்குத் தோணியிருக்கணும். தோணல. தப்பு என்னோடது. இதுல தோத்தவன் எல்லாரும் மறுபடி சுடலாம்."

அணிவகுப்பு கலைந்ததும் என்னைக் கூப்பிட்டார். "அந்த நோணாங்குப்பத்துப் பையன் வீடு தெரியுமா?" சைக்கிளை எடுத்தோம். குப்புசாமி கழிமுகத்தில் தன் அண்ணனுடைய படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். உடுப்போடு இரண்டு பேர் வருவதைப் பார்த்ததும் என்ன நினைத்தானோ, படகைவிட்டுத் தண்ணீரில் குதித்து அக்கரைக்கு நீந்த ஆரம்பித்துவிட்டான்.

"குப்பு! டேய்! புடிக்க வரலடா! வேலைக்குக் கூப்பிட வந்தோம்டா!" என்று நான் கரையில் கத்தினேன்.

"பொய்யி!" என்று தண்ணீருக்குள்ளிருந்து பதில் வந்தது.

சுபேதார் தொப்பியைக் கழற்றினார். இரண்டு கையையும் வாயில் குவித்து, "நான் பண்ண தப்புப்பா! வந்துடு!" என்று கத்தினார். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு சுபேதார் இப்படிக் கத்தி அவர்கள் கேட்டதில்லை. குப்புசாமி நின்று, திரும்பி, சொட்டச் சொட்டக் கரையேறி வந்தான். அடுத்த வாரம் கரி பூசிய முன்குறியில் சுட்டுத் தேறினான். பின்னாளில் படைக்குக் கோப்பை வாங்கித் தந்த அணியில் அவனும் இருந்தான். அவன் கண்ணும் பிறவியில் வந்த அதே கண்தான்.

தம்பிகளே, விழா அன்று பந்தலுக்கு வரும் வழியில் உங்கள் துப்பாக்கிகளை வரிசையாகச் சாத்தி வைத்திருந்ததைப் பார்த்தேன். பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று தேய்த்திருக்கிறீர்கள். முன்குறி ஒவ்வொன்றும் மூக்குத்தி மாதிரி மின்னியது. நான் எழுந்து வெளியே வந்தபோது அந்த மூன்று பேரில் ஒருவன் பந்தலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். கேட்டேன். "கிட்ட கிட்டதான் ஐயா விழுது. ஆனா ஒரே பக்கமா போவுது" என்றான்.

பயிற்றுநர் அவர்களே, இந்த மலர் உங்கள் மேஜைக்கும் வரும். என் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் சொல்லவேண்டாம். அந்தப் பையன்களைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டும் பேசவேண்டாம். எந்த மைக்கில் அவர்களைப் பார்த்து எல்லோரையும் சிரிக்கவைத்தீர்களோ அதே மைக்கில், மொத்த அணிவகுப்பும் நிற்கும்போது, அவர்களுடைய மூன்றாவது தேர்வுக்கு முன்பு, எனக்கு இரண்டே கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அவர்களுடைய துப்பாக்கியை வாங்கி, அவர்கள் படுத்த இடத்தில் படுத்து, நீங்கள் ஒரு குண்டாவது சுட்டுப் பார்த்தீர்களா? அவர்கள் சுட்டபோது வெயில் எந்தப் பக்கம் இருந்தது?